தமயந்தியின் வருகைப் பதிவேடு

புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, ஆண்டிமடை பஸ் ஸ்டாண்டில் யாருக்கோ டீ ஆற்றிக்கொண்டிருந்த டீ மாஸ்டர் உசேன், ஆற்றிய டீயைக் கிளாசில் ஊற்றி, அதைக் கேட்ட ஆளிடம் கொடுக்காமல் கடையை விட்டு இறங்கி, மார்க்கெட் தெருவைத் தாண்டி, மாட்டாஸ்பத்திரியைத் தாண்டி, இருபத்தேழு வருடமாக எட்டிப் பார்க்காத கிளை நூலகத்துக்குள் நுழைந்து, மின்விசிறிக்கு நேர் கீழே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரிந்தது. கையில் இருந்த டீயைப் பார்த்தார், எதிரே மேசையில் இருந்த நூலகர் தமயந்தியைப் பார்த்தார், வேறு வழி தெரியாமல் டீயை அவளிடம் நீட்டினார்.

"இது நீங்க சொன்ன டீயா தாயி?"

"நான் டீ சொல்லலையேண்ணே."

"அப்ப நான் எதுக்கு இங்க வந்தேன்?"

தமயந்திக்கு அதற்குப் பதில் தெரியும், ஆனால் அது வெளியே சொல்லக்கூடிய பதில் இல்லை. அன்று காலை ஒன்பது மணிக்கு, உசேன் கையெழுத்து இப்படித்தான் இருக்கும் என்று அவளாகவே முடிவு செய்துகொண்ட சாய்ந்த எழுத்தில், வருகைப் பதிவேட்டின் முதல் வரியில் அவர் பேரை எழுதியவள் அவள்தான். வந்த நேரம் என்ற கட்டத்தில் 10.15 என்றும் எழுதியிருந்தாள்.

தமயந்தியைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய கறிவேப்பிலையைக்கூட மறக்காமல் திருப்பிக் கொடுக்கிறவள் அவள். ஆனால் ஆறு வருடத்துக்கு முன்பு, ஆள் வராத நூலகங்களை அடுத்த ஊரோடு இணைத்துவிடுவோம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆண்டிமடை நூலகத்துக்கு அப்போது வந்துகொண்டிருந்தது ரிட்டையர்டு தபால்காரர் ஒருவரும், மதிய வெயிலுக்கு ஒதுங்கும் ஒரு ஆடும்தான். தபால்காரர் மகனோடு திருப்பூர் போய்விட்டார், ஆட்டுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆகவே தமயந்தி ஐந்து பேனா வாங்கினாள். வயசானவர்களுக்கு இடது கையால் நடுங்க நடுங்கவும், வாலிபப் பிள்ளைகளுக்குப் பச்சை மையால் படபடவென்றும், டாக்டர்களுக்கு யாருக்கும் புரியாத மாதிரியும், தினமும் காலையில் நாளொன்றுக்கு அறுபது பேர் வீதம் முழு நாளுக்கும் எழுதி முடித்துவிட்டுத்தான் கதவைத் திறந்து வைப்பாள். பேர்களைக் கல்யாணப் பத்திரிகையிலிருந்தும், தெருமுனை பிறந்தநாள் பிளக்ஸ் போர்டுகளிலிருந்தும் எடுத்தாள். சந்தை நாளில் வியாபாரிகளை எழுத மாட்டாள், மழை பெய்தால் கொத்தனார்களை எழுதுவாள். ஊரில் யார் எந்த நேரத்தில் சும்மா இருப்பார்கள் என்பது அவர்கள் வீட்டு ஆட்களைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஊரில் இரண்டே இரண்டு பேர்களைத்தான் அவள் எழுதியதில்லை. ஒன்று, அவள் வீட்டுக்காரர் சோணைமுத்துவின் பேர். எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் கடை வைத்திருக்கிற அவரை எழுதினால், வீட்டு ஆளையே எழுதியிருக்கிறாளே என்று ஆய்வுக்கு வருகிற அதிகாரி சந்தேகப்படுவார் என்ற பயம். இன்னொன்று, அடுத்த தெருவிலேயே குடியிருக்கிற அவள் கூடப்பிறந்த தங்கச்சி சந்திரமதியின் பேர். அது பயம் இல்லை, வைராக்கியம். கூத்துப் பைத்தியம் பிடித்த அப்பா ஆசை ஆசையாக ராணிகளின் பேரை வைத்து வளர்த்த இரண்டு பெண்களும் முகம் கொடுத்துப் பேசிப் பதினாலு வருடம் ஆகிறது. சந்திரமதி மகளின் காதுகுத்துப் பத்திரிகையில், தங்கள் நல்வரவை விரும்பும் என்று ஒன்றுவிட்ட சித்தப்பா, நாத்தனாரின் கொழுந்தன் என்று முப்பத்தெட்டுப் பேர் வரிசையாக நிற்க, சொந்தப் பெரியப்பா முறையான சோணைமுத்துவின் பேர் மட்டும் விட்டுப்போயிருந்தது. அச்சாபீசில் விட்டுவிட்டார்கள் என்றாள் சந்திரமதி. அச்சாபீசுக்காரனுக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் என்னடி வாய்க்கால் தகராறு என்றாள் தமயந்தி. சோணைமுத்து, பேரில் என்ன இருக்கு விடு என்று சொல்லிப் பார்த்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

நிற்க. அந்தச் செவ்வாய்க்கிழமை உசேனோடு நிற்கவில்லை. பத்து இருபதுக்கு மாட்டு டாக்டர் கையில் ஊசியோடு வந்தார். பத்தரைக்கு முகத்தில் பாதி நுரையோடு ஒருவர் வந்தார், "பாதிச் சவரத்துல எங்கய்யா ஓடுற" என்று கத்திக்கொண்டே கத்தியோடு துரத்தி வந்த சலூன்காரருக்கு அன்றைய பதிவேட்டில் பேர் இல்லாததால் அவர் மட்டும் வாசலோடு திரும்பிப் போனார். பதினொரு மணிக்குக் கவுன்சிலர் தனபாக்கியம், கொடியேற்றிவிட்டுக் கையில் மிட்டாய்த் தட்டோடு வந்து உட்கார்ந்து, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் தானே ஒன்று வாயில் போட்டுக்கொண்டார். ஒரு வாசகர் அரை மணி நேரம் இருப்பார் என்று தமயந்தி மனசில் ஒரு கணக்கு வைத்திருந்தாள், அதன்படியே ஒவ்வொருவரும் அரை மணி நேரம் இருந்தார்கள். "எந்திரிக்கலாம்னு மனசு சொல்லுது, காலு கேக்க மாட்டேங்குது" என்றார் மாட்டு டாக்டர். அரை மணி முடிந்ததும் கால் கேட்டது, போனார்கள். மறுநாள் எழுதப்பட்ட அறுபது பேர் மறுநாள் வந்தார்கள். மேசையில் விரிந்து கிடந்த பதிவேட்டில் தங்கள் பேரும் நேரமும் முன்கூட்டியே எழுதியிருப்பதை அவர்களே பார்த்துவிட்டார்கள்.

ஏன் என்று ஆண்டிமடையில் யாரும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார்கள்.

தோட்டக்காரர்கள் வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்துப் பாய்ச்சுகிற ஊர் என்பதால், இதற்கும் முறை என்றே பேர் வைத்தார்கள். "எனக்கு நாளைக்கிப் பதினொண்ணரைக்கி லைப்ரரி முறை, அதுக்குள்ள மாவை அரைச்சுக் குடுத்துருங்க" என்று பெண்கள் மாவு மில்லில் அவசரப்படுத்தினார்கள். மினி பஸ் டிரைவரின் முறை வந்தால் பஸ் நூலக வாசலில் அரை மணி நின்றது, முதல் நாள் திட்டிய பயணிகள் மூன்றாம் நாள் இறங்கி உள்ளே வந்து காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்தார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் நல்ல நேரம் பார்த்த கையோடு தமயந்தியிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார்கள். சாயங்காலமானால் நூலக வாசலில் ஒரு கூட்டம், அக்கா நாளைக்கி என்னைய எழுதாதீக, மாட்டுக்குச் சினை ஊசி போடணும், அக்கா எம்மாமியாரைக் காலையில எழுதுங்க, வீடு கொஞ்சம் அமைதியா இருக்கும், என்று ஆளுக்கொரு மனு. தமயந்திக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தான் செய்வது புண்ணியமா பாவமா என்றும் தெரியவில்லை. ஆறு வருடமாக எழுதிய பொய் இப்போது உண்மையாகிவிட்டால், அது முன்பு பொய்யாக இருந்தது என்று இனிமேல் யார் சொல்ல முடியும் என்று யோசித்து யோசித்து, சாம்பாருக்கு உப்புப் போட்டோமா இல்லையா என்பதையும் சேர்த்து மறந்தாள்.

வந்தவர்கள் முதல் இரண்டு மூன்று நாள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மோட்டுவளையில் அரை மணி நேரத்துக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. அப்புறம் வேறு வழியில்லாமல் கைக்கு எட்டியதை எடுத்தார்கள். இருபது வருடம் வடக்கே லாரி ஓட்டிய ஒருவர், பச்சைப் பீரோவுக்குள் கிடந்த பழைய தேசப்படத்தை விரித்து, தான் ராத்திரியில் மட்டுமே தாண்டிய ஆறுகளின் பேர்களை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். கவுன்சிலர் தனபாக்கியம், இந்த லைப்ரரியை இடிச்சுட்டு டூவீலர் ஸ்டாண்டு கட்டலாம் என்று கூட்டத்தில் பேசியவர், உறுப்பினர் அட்டைகள் கிடந்த பழைய டிராயரில் ஏழாம் வகுப்புத் தனபாக்கியத்தின் அட்டையைக் கண்டெடுத்தார். இரட்டைச் சடையோடு ஒரு போட்டோ, அதற்குக் கீழே ஒரே வருடத்தில் எடுத்த நூற்றுப் பதினோரு புத்தகங்களின் எண். "இது நானாக்கா?" என்று தமயந்தியிடம் மூன்று தரம் கேட்டார். ஆமாம் என்று மூன்று தரமும் சொன்னாள். நம்பாமல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், அரை மணி முடிந்து கால் விடுபட்ட பிறகும் அன்று எழுந்திருக்கவில்லை.

அந்த வாரமே அழகுமலையும் வந்தார். அது தமயந்தி செய்த பிழை. பஸ்ஸில் போகும்போது ஒரு பிளக்ஸ் போர்டில் கொத்தனார் அழகுமலையின் சிரித்த முகத்தைப் பார்த்து, பிறந்தநாள் போலிருக்கிறது என்று பேரை மனசில் குறித்துக்கொண்டாள். அது கண்ணீர் அஞ்சலி என்பதை வாசிப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது. பதினொன்று இருபதுக்கு அவர் வந்தார், முழங்கையில் சிமெண்டுப் பொடியோடு, யாரையும் பார்க்காமல். கடல் பயணம் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, எழுத்துக்கு அடியில் விரலை வைத்து நகர்த்தி வாசித்தார். உசேன் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு, "அழகுமலை, வெளிச்சம் பத்துதா?" என்று கேட்டார். அழகுமலை அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அரை மணியில் ஆறு பக்கம் வாசித்துவிட்டுப் போனார்.

மறுநாள் அவர் பெண்சாதி வெள்ளத்தாய் தூக்குவாளியில் காப்பியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். "இருந்தப்ப ஒரு எடத்துல இப்பிடி அரை மணி நேரம் உக்காந்த மனுசனா இது" என்று தமயந்தியிடம் ஆவலாதி சொன்னாள். காப்பி ஆறியது. அழகுமலை ஆறு பக்கம் வாசித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் தினமும் 11.20 என்ற கட்டத்துக்கு நேராக அந்தப் பேரை எழுதாமல் இருக்கத் தமயந்தியின் கை துணியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அந்தக் கடிதம் வந்தது. ஆண்டிமடை கிளையை இணைப்பது பற்றி முடிவு செய்ய இருபத்தெட்டாம் தேதி அதிகாரி வேதமாணிக்கம் நேரில் வருகிறார், அன்றைய வருகையைக் கண்ணால் பார்த்துப் பதிவேட்டோடு ஒப்பிடுவார். வேறு சமயமாக இருந்தால் தமயந்திக்குக் காய்ச்சல் வந்திருக்கும். இப்போது என்ன கவலை, அறுபது பேர் எழுதினால் அறுபது பேர் வந்து நிற்கப் போகிறார்கள். வேண்டுமானால் நூறாக எழுதலாம். ஆனால் அன்று மத்தியானம் முறைக்கு வந்த உசேன், டீயை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"ஒங்க தங்கச்சிக்கு மட்டும் இன்னும் காலு இழுக்கலையாம்ல. ஊரே போகுது, ஒனக்கு முறை வரலையான்னு தெருவுல எல்லாரும் கேக்குறாகளாம். பாவம், அந்தப் பிள்ளை வெளிய வர்றதே இல்ல."

"நல்லாக் கேக்கட்டும்ண்ணே. பேரு விட்டுப்போனா எப்பிடி இருக்கும்னு தெரியட்டும்."

சொல்லும்போது இனிக்கத்தான் செய்தது. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த இனிப்பு போய்விட்டது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. காலையில் ஒன்பது மணிக்குப் பதிவேட்டைத் திறந்து ஐம்பத்தொன்பது பேரை எழுதிவிட்டு, அறுபதாவது வரியில் 4.30 என்று நேரத்தை முதலில் எழுதி, எந்தக் கையால் எழுதுவது என்று தெரியாமல், வலது கையால் தன் சொந்த எழுத்திலேயே "சந்தி" வரைக்கும் எழுதினாள். அதற்கு மேல் வைராக்கியம் வந்து கையைப் பிடித்துக்கொண்டது. பேனாவை மூடிவிட்டாள்.

நாலரை மணிக்குச் சந்திரமதி வந்தாள். முழுசாக வரவில்லை. ஒரு கால் வாசற்படிக்கு உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக, கையில் தோசைக் கரண்டியோடு நின்றாள். உள்ளே வரவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. தலைமுடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. அடுத்த தெருவில் இருந்துகொண்டே அது எப்போது நரைத்தது என்று தமயந்திக்குத் தெரியாமல் போயிருந்தது. பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் நேருக்கு நேர் பேசக் கூடாது என்பதால் சந்திரமதி, மேசையில் விரிந்து கிடந்த பதிவேட்டை எட்டிப் பார்த்துவிட்டு, கதவு நிலையைப் பார்த்துப் பேசினாள்.

"ஏ நிலைக்கதவே, பாதிப் பேரை எழுதிக் கூப்பிடுறதுக்கு நான் என்ன பாதி மனுசியா? கூப்பிடுறதா இருந்தா முழுசாக் கூப்பிடணும். இல்லாட்டி என்னைய என் வீட்டுல விடணும்."

தமயந்தி மின்விசிறியைப் பார்த்துச் சொன்னாள். "பேரை முழுசா விட்டவுகளே இருக்காக. பாதி எழுதுனது குத்தமாம்."

உள்ளே இருந்த பதினோரு பேரும் புத்தகத்துக்குள் முகத்தை இறக்கிக்கொண்டார்கள். அரை மணி நேரம் சந்திரமதி படியில் அப்படியே நின்றாள். கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தபோதும் கரண்டியை வைக்க இடமில்லாமல் தோள்பட்டையால் துடைத்துக்கொண்டாள். கால் விடுபட்டதும் திரும்பிப் பார்க்காமல் போனாள். தமயந்திக்குத் தன்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆறு வருடமாக ஊரை எழுதி எழுதி ஊரே தன் பேனாவுக்குள் இருப்பதாக நினைத்துவிட்டோம், ஒரு மனுசியை வாங்க என்று கூப்பிடத் தெரியாமல் இழுத்துவந்து கட்டிப் போட்டுவிட்டோம் என்று நினைத்து, பூட்டும்போது அழுதாள்.

இருபத்தேழாம் தேதி வெள்ளத்தாயிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். "நாளையில இருந்து நான் யார் பேரையும் எழுதப் போறதில்லக்கா. அண்ணனும் வர மாட்டாரு."

வெள்ளத்தாய் ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னலோரம் அழகுமலை விரலை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கி எந்தப் பக்கத்தோட நிப்பாட்டுறாருன்னு மட்டும் ஒரு அடையாளம் வச்சிரு தாயி" என்றாள்.

மறுநாள் காலையில் தமயந்தி ஐந்து பேனாக்களையும் டிராயருக்குள் போட்டுப் பூட்டினாள். புதிதாக ஒரே ஒரு பேனாவை, போஸ்ட் ஆபீசில் கட்டியிருப்பது போல நூலில் பதிவேட்டோடு கட்டி வைத்தாள். பத்து மணிக்கு அதிகாரி வேதமாணிக்கம் வந்தார், கையில் டிபன் பாக்சும் தலையில் நிறையக் கவலையும் உள்ள மனிதர். வெறும் பதிவேட்டைப் பார்த்தார், வெறும் நாற்காலிகளைப் பார்த்தார், முந்தின பக்கங்களைப் புரட்டினார்.

"நேத்து வரைக்கும் அறுபது அறுபது பேர் வந்திருக்காங்க. இன்னைக்கு ஏம்மா யாரும் இல்ல?"

"இதுக்கு முன்னாடி உள்ள கையெழுத்தெல்லாம் நான் போட்டது சார். ஆனா கடைசியில கொஞ்ச நாளா எல்லாரும் நெசமாவே வந்தாங்க."

"போட்டது நீங்கதான், ஆனா அவங்க வந்தாங்க."

"ஆமா சார்."

"அப்ப இது பொய்யா, நெசமா?"

"அதுதான் சார் எனக்கும் தெரியல."

வேதமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மாட்டிய பிறகும் ஒன்றும் தெளிவாகவில்லை. பத்தரை ஆனது, பதினொன்று ஆனது, ஆடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பதினொன்று இருபதுக்கு வெள்ளத்தாய் வந்தாள். ஜன்னல் ஓர நாற்காலி காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், மேசைக்கு வந்து, நூலில் கட்டிய பேனாவால் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன எழுத்தில் தன் பேரைக் கோணல்மாணலாக எழுதிவிட்டு, கடல் பயணப் புத்தகத்தை எடுத்து அடையாளம் வைத்த பக்கத்தைத் திறந்தாள்.

"அவரு பாதியில விட்டுட்டுப் போயிட்டாரு சார். அந்தக் கப்பல் என்னாச்சுன்னு பாக்கணும்ல" என்றாள் அதிகாரியிடம், அவர் கேட்காமலே.

அடுத்து உசேன் வந்தார். "இன்னைக்கிக் காலு இழுக்கல, நானாத்தான் வந்தேன், ஏன்னு கேக்காதீக" என்று கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்து தமயந்தி நினைத்த மாதிரி சாய்ந்ததே இல்லை, கம்பு மாதிரி நேராக இருந்தது. லாரிக்காரர் மிச்சமிருந்த ஆறுகளைத் தேடி வந்தார். தனபாக்கியம் நூற்றுப் பன்னிரண்டாவது புத்தகத்துக்கு வந்தார். அறுபது பேர் வரவில்லை. சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் பத்தொன்பது பேர்தான் வந்தார்கள், அதுவும் யாரும் எழுதி வைக்காத தாறுமாறான நேரங்களில், வாசலில் நின்று எதற்கு வந்தோம் என்று ஒரு நிமிடம் குழம்பிவிட்டு. வேதமாணிக்கம் இரண்டு பஸ்களைத் தவறவிட்டு மூலையில் ஏதோ ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய அறிக்கையில், ஒரு வருடம் கழித்து மறுபடி பரிசீலிக்கலாம் என்று எழுதியிருந்தார். அரசாங்கத்துப் பாஷையில் அது தீர்க்காயுசு.

ஐந்து நாற்பதுக்குச் சந்திரமதி வந்தாள். கையில் கரண்டி இல்லை. புதுச்சேலை கட்டியிருந்தாள். இரண்டு காலையும் எடுத்து உள்ளே வைத்தாள். கதவு நிலையோடும் பேசவில்லை, யாரோடும் பேசவில்லை. நேராக மேசைக்கு வந்து பேனாவை எடுத்து, இருபதாவது வரியில் முழுப் பேரையும், அப்பாவின் இனிஷியலோடு, நிறுத்தி எழுதினாள். பேனாவைக் கீழே வைப்பாள் என்று பார்த்தால் வைக்கவில்லை, அடுத்த வரிக்குப் போனாள். எதிர்ப்பக்கம் இருந்து தலைகீழாக ஒவ்வொரு எழுத்தாகத் தமயந்தி வாசித்தாள். மு. சோணைமுத்து. வந்த நேரம் 5.45.

இன்னொருவர் கையால் எழுதினால் அது நடக்குமா என்று யாருக்கும் தெரியாது. பெண்கள் இரண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள், உசேன் பார்த்தார், வெள்ளத்தாய் கப்பலை விட்டுவிட்டுப் பார்த்தாள்.

ஐந்தே முக்காலுக்குச் சோணைமுத்து வாசலில் வந்து நின்றார். கையில் பாதி சுற்றிய காயில், அதிலிருந்து அவிழ்ந்த செம்புக் கம்பி தெருவெல்லாம் இழுபட்டு அவருக்குப் பின்னால் நீண்டு கிடந்தது.

"நான் எதுக்கு இங்க வந்தேன்?" என்றார்.

சந்திரமதி முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, விசேஷ வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் கூப்பினாள்.

"வாங்க மாமா" என்றாள்.

சோணைமுத்து கொழுந்தியாளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் நின்ற பெண்சாதியைப் பார்த்தார். தமயந்தி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் வாங்க என்று கூப்பிட்டால் சொல்ல வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும். "வர்றேம்மா" என்று சொல்லி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.